அக்காவின் மேசைக்கு ஒரு விளக்கு

மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில் பச்சை நிற மேசை விளக்கு ஒன்று இருந்தது. தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அப்பா அதை வாங்கி வந்தார். அடியில் இரும்புக் கவ்வி. மேசை விளிம்பில் வைத்துத் திருகினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். கழுத்து மட்டும் சொன்ன சொல் கேளாது. மெல்ல மெல்லத் தொங்கிக் கடைசியில் கொப்பியில் வந்து முட்டும். அக்கா அதற்கு 'நித்திரைகொள்ளி' என்று பெயர் வைத்திருந்தாள்.

போன கிழமை புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய கடையில், முப்பது விளக்குகளுக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றபோதுதான் அந்தப் பச்சை விளக்கு நினைவுக்கு வந்தது. அக்காவுக்கு இப்போது கிழமைக்கு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. மகன் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போய்விட்டதால் அவனுடைய அறையில் மேசை போட்டிருக்கிறாள். விளக்கு என் பொறுப்பு என்று நானாகவே ஏற்றுக்கொண்டேன். விளக்கு வாங்குவது என்ன பெரிய வேலை என்று நினைத்த எனக்கு நன்றாக வேண்டும். மஞ்சள் வெளிச்சமா, வெள்ளையா? கணினித் திரையில் தெறிக்காதா? மின்குமிழ் கண்ணில் குத்தாமல் மூடி கீழே இறங்குமா? கடைக்காரப் பெண் பிரெஞ்சில் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், எழுதுகிறவர் வலக்கையா, இடக்கையா என்று கேட்டாள். எழுதும் கைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால்தான் கையின் நிழல் தாளில் விழாதாம்.

"இடக்கை" என்றேன். யோசிக்கவே இல்லை.

அக்கா பிறவியிலேயே இடக்கைக்காரி. ஊரில் விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது அவள் அரிசிக்குள் இடக்கையை நீட்ட, ஐயர் அதைத் தட்டிவிட்டு வலக்கை விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தாராம். பிறகு பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடி. வலக்கையால் எழுதப் பழகினாள். படம் கீற மட்டும் அந்தக் கைக்கு வரவில்லை. கனடாவுக்கு வந்தபோது அவளுக்குப் பதினாறு, எனக்குப் பதினொன்று. அம்மாவின் குடிவரவுக் கடதாசிகள் இழுபட்டுக்கொண்டிருந்ததால் நாங்கள் இரண்டு பேரும் அப்பாவோடு முதலில் வந்து சேர்ந்திருந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் எந்தக் கையால் எழுதுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவின் இடக்கை மறுபடி பென்சிலைப் பிடித்தது.

அந்தக் கை கீறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். வீடுகளின் உட்புறத்தைத்தான் கீறுவாள். யன்னல், படிக்கட்டு, எங்கள் குசினி, குசினியில் அம்மா நிற்கப்போகும் இடம். கல்லூரியில் உள்ளக அலங்காரம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு விண்ணப்பத்தோடு பத்துப் படங்கள் கீறி அனுப்ப வேண்டும்.

மேசை ஒன்று, விளக்கு ஒன்று, ஆட்கள் இரண்டு. வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரவேண்டும் என்று அப்பா விளக்கை இடப்பக்க விளிம்பில் பூட்டியிருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் அவருக்கு வேலை. மெட்ரோவும் இரண்டு பஸ்ஸும் பிடித்து ஆறரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அக்கா கவ்வியைக் கழற்றி வலப்பக்கம் பூட்டுவாள். ஆறேகாலுக்குத் திரும்பவும் பழைய இடம். மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. விளக்கு அந்தப் பக்கம் போனால் என் கையின் நிழல் என் கணக்குக் கொப்பியில்தான் விழும்.

ஒரு நாள் சண்டை பிடித்தோம். "கொஞ்சம் பொறு, இந்தப் படத்தை முடிச்சிட்டுத் தாறன்" என்றாள். நான் பொறுக்கவில்லை. அன்று அப்பா சப்பாத்தைக் கழற்ற முன்னமே போய்ச் சொன்னேன்.

"அப்பா, அக்கா லைட்டை ஒவ்வொரு நாளும் மாத்திறா."

"ஏன்?"

"இடக்கையாலை கீறுறதுக்கு."

அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடித்திருந்தால் ஒரு நாளோடு போயிருக்கும். "அரிசியிலை எழுதின கையை மாத்தக் கூடாது, பிள்ளை. நாளைக்குக் கலியாணம் கட்டி இன்னொரு வீட்டிலை வாழ வேணுமெல்லே" என்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு கட்டுக்கம்பி எடுத்து வந்து கவ்வியை மேசைக்காலோடு சேர்த்துச் சுற்றி முறுக்கினார். அன்றிலிருந்து, நின்று நின்று வீங்கிய கால்களோடு, இரவுச் சாப்பாடு வரைக்கும் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. அம்மா பக்கத்தில் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கப் பயந்த மனிதர். தெரிந்த ஒழுங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா இல்லாத நேரத்திலும் இடக்கையின் நிழல் தாளில்தான் விழுந்தது. பத்துப் படங்களையும் அக்கா வலக்கையால் கீறி அனுப்பினாள். கோடுகள் நடுங்கின. எடுபடவில்லை என்று கடிதம் வந்தது. "போனால் போகுது" என்று அதை நாலாக மடித்து வைத்தாள். வேறு படிப்புப் படித்து ஒரு மருத்துவ நிலையத்தில் செயலாளராகச் சேர்ந்தாள். யார் காட்டிக்கொடுத்தது என்று என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கேட்காதபடியால் அது முப்பது வருடமாக எனக்குள்ளேயே கிடந்தது. அப்பா தவறியதற்குப் பிறகு எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தும் கதையை மாற்றிவிட்டேன்.

நீளக் கையும் கவ்வியும் உள்ள விளக்காகப் பார்த்து வாங்கினேன். சனிக்கிழமை பகல், அக்கா தேநீர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதை மேசையின் வலப்பக்கத்தில் பூட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் அந்தக் கணம் மனம் நிறைந்துதான் இருந்தது.

அக்கா கதிரையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டாள். நல்ல வெளிச்சம் என்றாள். பேனையை எடுத்து ஒரு தாளில் ஏதோ எழுதினாள். வலக்கையால்.

"இதென்னடி, நிழல் விழுகுது. மாறிப் பூட்டிப்போட்டாய்."

"நீ இடக்கை எண்டு..."

"அதை எப்பவோ விட்டாச்சு. இப்ப அந்தக் கையாலை ஒரு கோடும் வராது."

நின்றபடியே சொன்னேன். "அக்கா, அண்டைக்கு அப்பாட்டைச் சொன்னது நான்தான்."

அவள் தாளில் எழுதியதை முடித்துப் பேனையை மூடினாள்.

"தெரியும். வீட்டிலை மூண்டு பேர்தானே இருந்தனாங்கள். வேறை ஆர் சொல்லியிருப்பினம்?"

சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். பிறகு அவள் விளக்கின் மூடியை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"நீ சின்னப்பிள்ளை, உனக்கு என்ன தெரியும். ஆனா, சொல்லாமல் விட்டிருக்கலாம்."

ஓம் என்றேன். குனிந்து கவ்வியைக் கழற்றி, விளக்கை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பூட்டினேன்.