அம்மா சீவாமல் விட்ட தலை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் பெண்கள் நாலைந்து பேர் எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ் ஏறுவார்கள். பெரியாஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கட்டில் கட்டிலாக நின்று ஜெபிப்பார்கள். அம்மாவுக்கு நீளமாக ஜெபிக்க வராது. துணைக்கு ஆளில்லாத பெண்ணாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து சீப்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுப்பார். வாரம் முழுக்கக் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கிய கை. எத்தனை சிக்கு இருந்தாலும் வலிக்காமல் பிரிக்கும்.

"ஏனுங்க அக்கா, ஜெபம் பண்ண வந்தீங்களா, பேன் பாக்க வந்தீங்களா?" என்று சபையின் பெண்கள் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் அம்மாவைக் கேட்டார்.

"தலைமுடிய எல்லாம் ஆண்டவரு எண்ணி வெச்சிருக்கறாருன்னு நீங்கதானுங்க வாசிச்சீங்க. இப்பிடிச் சிக்கு விழுந்து கெடந்தா எப்பிடிங்க எண்ணுவாரு?"

வார்டே சிரித்தது. பள்ளிச் சிறுமியாக எண்ணெய்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒரு போண்டாவைப் பிட்டு எனக்குப் பெரிய பாதியைத் தருவார். அதில் அந்த எண்ணெய் வாசனை இருக்கும். அந்த ருசி இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. திருச்செங்கோட்டில் பட்டமளிப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின வாரம்தான், வார்டில் இடுப்பொடிந்து கிடந்த ஓர் அம்மாள் அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம எம்மவ ஆத்தூர்ல இருந்து வர்றா. நல்லா எண்ணெ வெச்சுப் பின்னி உடுங்க. அனாதையாட்டம் கெடக்கறேன்னு அவ அழுவக் கூடாது."

"வாரனுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார்.

விழாவா, வார்டா என்று அவர் தயங்கியபோது எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வாரம் தல சீவலீன்னா ஒண்ணும் ஆயிராதும்மா. எனக்கு இந்த ஒரு நாளுதான்."

அம்மா விழாவுக்கு வந்தார். கறுப்பு அங்கியில் நான் மேடை ஏறியபோது எழுந்து நின்று கை தட்டினார்.

மறுவாரம் அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். மகள் ஞாயிறன்று வந்து பார்த்தாளாம். அந்த அம்மாள் திங்களன்றே இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார்.

பல நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் வாதாடினேன். "இத்தன வருசம் செஞ்சிருக்கறே. அதுக்குப் பலன் தராம, ஆண்டவரு இந்த ஒண்ணையா புடிச்சுக்குவாரு?"

"செஞ்சதக் காட்டி எதும் கேக்க முடியாது கண்ணு. செய்யாதது முன்னால வந்து நிக்குமல்லோ. நீ படிச்சவ. நாயத்தீர்ப்பு நாள்ல அந்தம்மா மூஞ்சிய எப்பிடிப் பாப்பேன், சொல்லு" என்றார்.

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் நான். அன்று சோற்றுத் தட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை, முழங்கால் பஸ் படி ஏற மறுக்கும் வரை. இப்போது சேலத்தில் என்னோடு இருக்கிறார். போன மாதம் பழைய போதகர் பார்க்க வந்திருந்தார்.

"நல்ல ஊழியம் செஞ்சீங்கம்மா. பரலோகத்துல உங்களுக்குப் பலன் பெருசா இருக்கும்."

"இரக்கம் வெச்சு உள்ள உட்டாருன்னா அதே பெருசுங்க ஐயா. உடுவாருன்னுதான் நம்பிக் கெடக்கறேன். உட்டாருன்னா மொதல்ல அந்தம்மாளத் தேடிப் புடிச்சு உக்கார வெச்சுப் பின்னி உடோணும். மத்ததெல்லாம் அப்பறந்தான்."

எந்த அம்மாள் என்று புரியாமல் போதகர் என்னைப் பார்த்தார். என் பட்டமளிப்பு நாளிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன்.