வார்டில் மிஞ்சிய சயாமா

அந்த நர்ஸின் பெயர் தெரிவதற்கு முன்பே அவருடைய கையின் அளவு எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறரை. யாங்கூனில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நம் கையில் ஒரு சீட்டைத் தருகிறார்கள். ஊசி, பஞ்சு, குளுக்கோஸ் பாட்டில், கூடவே நர்ஸுக்கு ஆறரை, சர்ஜனுக்கு ஏழரை அளவில் கையுறை. எல்லாவற்றையும் வெளியே மருந்துக்கடையில் நாமே வாங்கி வரவேண்டும். முதல் கடையில் ஏழுதான் இருந்தது. தொளதொளப்பான கையுறையில் ஊசி தவறிவிட்டால் என்ன செய்வது என்று நான்கு கடை ஏறி இறங்கினேன். என் புத்தி எப்போதும் அப்படித்தான் ஓடும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். விருதுநகரில் பருப்புக் கிடங்கில் கற்ற தொழிலை வைத்து, இங்கே யாங்கூனின் அலோன் பகுதியில் ஓர் உளுந்துக் கிடங்கில் தரம் பார்க்க வந்து பதினோரு வருடமாகிறது. மனைவி செல்வி இங்கேயே பிறந்தவள். அவளுடைய பூட்டன் துறைமுகத்தில் மூட்டை சுமக்க வந்தவர். என்னோடு தமிழில்தான் பேசுவாள். வலி வந்தால் மட்டும் பர்மியில் முனகுவாள். போன மழைக்காலத்தில் அவளுக்குப் பித்தப்பையில் கல் அடைத்துச் சீழ் பிடித்தது. உடனே எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்கள். "பேசாம பிளேன்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துருடா" என்றார் ஊரிலிருந்து அண்ணன். அந்தக் காய்ச்சலோடு ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாட்டு நிலவரம் கெட்ட வருடத்தில் டாக்டர்களும் நர்ஸ்களும் கூட்டங்கூட்டமாக வேலையை விட்டுப் போனார்கள். ஏன் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. சர்ஜன் வாரத்தில் ஒருநாள் வருவார். நாற்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ். நர்ஸை இங்கே 'சயாமா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

அப்பாவை மதுரையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, நான் ஒருதரம் போட்ட சத்தத்தில் மூன்று பேர் ஓடிவந்தார்கள். சத்தம் போடாதவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அன்று மனதில் பதிந்தது. அதே நினைப்பில், சர்ஜன் வருவதற்கு முந்தைய நாள் மாலை செல்விக்குக் குளிர் நடுக்கம் வந்து, இரண்டு முறை கூப்பிட்டும் சயாமா வராதபோது, இரும்புக் கட்டிலைத் தட்டிக் கத்திவிட்டேன். வார்டே அடங்கிப்போனது. அவர் வந்தார், ஊசி போட்டார், "யாபாதெ, அகோ" என்றார். பரவாயில்லை அண்ணா என்று அர்த்தம். சொல்லிவிட்டுச் சிரித்தார். என் பயம் இவருக்கு விளையாட்டாக இருக்கிறதே என்று எனக்கு இன்னும் எரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக இருந்தவர், நகரின் வடக்கே இன்சீனிலிருந்து வந்த தமிழம்மா. பெரியவர்களுக்குப் போடும் பர்மிய மரியாதையோடு 'டோ லெட்சுமி' என்பார்கள்.

"யார்ட்ட கத்துறே தம்பி? மூணு டூட்டி ஒண்ணாப் பாக்குற பொண்ணு அது. அந்தச் சிரிப்பு சிரிப்பில்ல, மனசு நொந்தா இங்க அப்டித்தான் சிரிப்பாங்க. இந்தச் சயாமாவும் போயிட்டா ஊசிய யாரு போடுவா, ஒன் உளுந்து மொதலாளியா?"

மறுநாள் காலையில் சயாமா வரவில்லை. அவர் இல்லாமல் ஆபரேஷன் இல்லை என்றாள் பயிற்சிக்கு வந்திருந்த பெண். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க கத்துனதுலதான் போயிட்டாங்க. நான் இனி எந்த மூஞ்சிய வச்சு ஊசிக்குக் கை நீட்ட?" நான் வாசற்படியில் நின்று, தூரத்தில் தெரிந்த நர்ஸ் உடுப்பான சிவப்பு லுங்கி வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றிலும் அவர் முகத்தைத் தேடினேன். ஒரு கத்தலில் என் பெண்டாட்டியை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது.

பதினொரு மணி வாக்கில் கண் வீங்கி வந்து சேர்ந்தார். மிங்கலாடோன் விமானநிலையத்தில் தங்கையை ஏற்றிவிட்டு வருகிறாராம். தங்கையும் நர்ஸ்தான், வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள். நான் கைகூப்பி, அரைகுறைப் பர்மியில் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவே சற்று நேரமாயிற்று. பிறகு செல்வியிடம் என்னவோ கேட்டார்.

"ஒங்க நாட்ல டாக்டருங்க நெறைய இருக்காங்களாமே, அப்புறம் ஏன் இங்க இருக்கீங்கன்னு கேக்குறாங்க" என்றாள் செல்வி.

"நீங்க ஏன் தங்கச்சியோட போகலைன்னு கேளு."

செல்வி கேட்டாள். சயாமா தள்ளுவண்டியைப் பிடி என்று கையைக் காட்டினார். தள்ள வேறு ஆளில்லை, இருவருமாகத் தள்ளினோம். தியேட்டர் வாசலில் செல்வி பர்மியில் ஏதோ சொல்ல, சயாமா சிரித்தார். இந்தமுறை பல் தெரிந்தது.

"என்ன சொன்னே?"

"இவரு பெரிய பயந்தாங்கொள்ளி, சும்மா ஒக்கார வைக்காதீங்க, எதாச்சும் வேலை குடுங்கன்னேன்."

வேலை கிடைத்தது. சயாமா உள்ளே இருக்கும்வரை, பயிற்சிப் பெண் மருந்து கொடுக்கும் நேரத்தில், துணைக்கு ஆளில்லாதவர்களின் குளுக்கோஸ் பாட்டில்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கட்டிலில் ஒரு கரென் இனப் பெண் கிடந்தாள். சண்டை நடக்கும் பக்கத்திலிருந்து தனியாக வந்தவள். எனக்குத் தெரிந்த அளவு பர்மிகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய பாட்டில் தீரும் நேரத்தில் மூடப்போனால், குழாயை அடைக்கும் சிறு சக்கரம் தேய்ந்து வழுக்கியது. குழாயை மடித்து விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டேன். கத்தவில்லை. அவள் வேறொரு கட்டிலில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வார்டின் அந்தக் கோடியில் தள்ளுவண்டி வந்தது. செல்வி கண் திறந்திருந்தாள். மயக்கத்தில் உதடு மட்டும் அசைந்தது, பர்மியாகத்தான் இருக்கும். "அகோ, வா" என்று சயாமா கையசைத்தார். கரென் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை விட்டால் அவள் உடம்பில் காற்று ஏறிவிடும் என்று பயம். ஒரு கையில் குழாயை விடாமல் பிடித்தபடி, மறு கையைச் செல்வி இருந்த பக்கம் நீட்டினேன். எட்டவில்லை.