காற்றுப்பட்ட தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். நிலத்தடி நீரில் இருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்து, அது மழையாக விழுந்து எத்தனை காலமாகிறது என்று கணக்கிடுவோம். அரியலூர்ப் பக்கத்து போர்களில், அதாவது ஆழ்குழாய்க் கிணறுகளில், மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. என் ஊர் கீழப்பழுவூருக்கு அருகில் என்பதால் எங்கள் விஞ்ஞானி என்னையும் அழைத்து வந்தார். சென்னைக்காரர். அதிர்ந்து பேச மாட்டார்.

அந்த வாரம்தான் அப்பாவை மூச்சுத்திணறலோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதல் போரை முடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கையில் ஏன் தோல் உரிந்திருக்கிறது என்று கேட்டார். காஸ்டிக் சோடா என்றேன். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. லீவு எடுத்துக்கொள்ளும்படி சார் சொன்னார். இன்னும் ஒரு போர்தானே, முடித்துவிட்டு வந்து கூட இருக்கிறேன் என்றேன்.

அந்த போர் ஒரு விவசாயியின் கரும்புக்கொல்லையில் இருந்தது. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் பிடித்து, காஸ்டிக் சோடா போட்டு, பிறகு பேரியம் குளோரைடு கரைசலை ஊற்றினால், தண்ணீரிலுள்ள கார்பன் வெள்ளைப் பொடியாக அடியில் படியும். அந்தப் பொடியைத்தான் பம்பாய்க்குக் கொண்டுபோவோம். காஸ்டிக் போட்ட தண்ணீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். காற்றின் கார்பன் புதியது. அது கலந்தால் பழைய தண்ணீரும் புதிய தண்ணீர் போலக் காட்டும். அதனால் ஊற்றிய கையோடு மூடியைத் திருகிவிட வேண்டும்.

சார் மோட்டார் கொட்டகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் கரைசலை ஊற்றி முடித்தபோது தம்பி வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, அப்பா போயிட்டாங்க."

"பொடி படியட்டும், வரேன்" என்றேன்.

மூடி என் கையிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சார் கொட்டகையிலிருந்து வெளியே வரும் சத்தம் கேட்ட பிறகுதான் மூடினேன். மாதிரித் தாளில், காற்றுப்பட்ட நேரம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு தம்பியோடு போனேன்.

வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. யாரையோ பற்றிச் சொல்கிறார்கள் என்பது போல் கேட்டுக்கொண்டிருந்தேன். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. பக்கத்து ஊரில் அதே ஆழத்துத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. இந்த போரின் தண்ணீர் மட்டும் மிகவும் புதிதாக இருந்தது. சார் கருவியைச் சந்தேகப்பட்டார். கதிரியக்கக் கார்பன் அறவே இல்லாத சலவைக்கல்லிலிருந்து தயாரித்த மாதிரியை வைத்துப் பார்த்தார். அளவு முன்பே தெரிந்த மாதிரியையும் வைத்தார். கருவி சரியாகவே எண்ணியது. அப்படியானால் அங்கே மழைத்தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்குகிறது, புது போர்கள் போடலாம் என்று அறிக்கை எழுதி, டைப் அடிக்கக் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்.

வராந்தாவில் நின்று படித்தேன். திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"எவ்வளவு நேரம் தெறந்திருந்துது?"

"தெரியல சார்."

"தெரியலன்னு எழுதியிருந்தா அன்னைக்கே வேற எடுத்திருக்கலாமேம்மா."

அறிக்கையில் இருந்த தண்ணீரின் வயதின் மேல் கோடு போட்டார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். அவர் பேனாவை மூடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறு வருஷம் அதே போரில் மறுபடி எடுத்தோம். டிரம் பக்கத்திலேயே நிற்கும்படி சாரைக் கேட்டுக்கொண்டேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது, திரும்ப வந்த காரணத்தைத் தம்பியிடம் சொன்னேன்.

"நான் வந்து சொன்னதாலதான் கெட்டுப்போச்சாக்கா?"

"இல்லடா. நாந்தான் பொய் எழுதிட்டேன்."

அம்மா சோறு போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

இந்த முறை முடிவு பக்கத்து ஊரோடு ஒத்துப்போனது. பழைய தண்ணீர்தான், எடுத்தால் சீக்கிரம் ஊறாது என்று சார் அறிக்கையை மாற்றி எழுதினார். அந்த விவசாயி முடிவுக்குக் காத்திராமல் அதற்குள் இன்னொரு போர் போட்டுவிட்டதாகத் தம்பி கடிதத்தில் எழுதியிருந்தான். படித்துவிட்டு, அன்றைக்கு அளக்க வேண்டிய மாதிரியை எடுக்கப் போனேன்.