நூற்றெட்டுக்கு ஒரு சிமிட்டல்

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அத்திபெலேயிலிருந்து ஆனேக்கல் போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் ஓர் இன்ஜினியரிங் காலேஜ் வரும். அங்கே சோதனைக்கூடத்தைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது என் வேலை. ஆறு வருஷமாகிறது. போன ஆயுத பூஜையன்று அங்கே நான் செய்த காரியத்தை முருகனிடம் சொல்லிவிட்டேன். சொல்லியும் மனது ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கூடத்தின் கடைசி மேஜை ஓர் ஆராய்ச்சி மாணவியுடையது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். மேஜைமேல் ஊறுகாய் ஜாடி உயரத்தில் நான்கு டப்பாக்கள். உள்ளே ஏரிக்கரைச் சேறு. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கம்பிகள் வெளியே வந்து ஒரு சின்னப் பலகையில் சேரும். அந்தப் பலகையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு.

"சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க இருக்குக்கா" என்று முதல் நாளே எனக்குச் சொன்னாள். "நாம குடுக்கறதத் தின்னுட்டு கொஞ்சூண்டு கரண்ட்ட வெளிய விடும். அத இந்தப் பலகையில சேத்து வைக்கறேன். நெறஞ்சதும் வெளக்கு ஒருக்கா சிமிட்டும். மறுபடி நெறையணும், மறுபடி சிமிட்டும்."

"இதுல ஃபேன் ஓடுமா?"

"ஈ இறக்கை கூட ஆடாது" என்று சிரித்தாள். "ஆனா மூணு மாசம் நிக்காம சிமிட்டணும். நடுவுல நின்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். டிசம்பரோட எனக்குக் குடுத்த நாள் முடியுது."

சாக்கடை நாற்றம் அடிக்கிற சேற்றுக்குள் உயிரை வைத்து, அதற்குள் வெளிச்சத்தையும் முருகன் வைத்திருக்கிறானே என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த உயிர்களுக்குத் தீனி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. காலையில் அரிசி களைந்த முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவேன். காற்றுப் படக்கூடாது என்பதால், மூடியிலுள்ள ரப்பர் வழியாக ஊசி போடுகிற சிரிஞ்சால் அவள் உள்ளே ஏற்றுவாள். எங்கள் கூடத்து அட்டெண்டர் தினமும் கேட்பார்: "என்னம்மா, உங்க மாட்டுக்குக் கழனித்தண்ணி வந்தாச்சா?" பெங்களூர் ஆடுகோடியில் பிறந்து வளர்ந்த மனுஷர். வாயில் கேலி இல்லாமல் பேச்சே வராது.

மத்தியானம் சாப்பிட்டதும் அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஜபமாலை உருட்டுவேன். ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவே சரியாக நூற்றெட்டு நாமம். மாலை ஒரு சுற்று முடியும், விளக்கு ஒருமுறை சிமிட்டும். அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க மாலை என் மீட்டரவிட கரெக்ட்" என்றாள். அன்றெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுபத்து மூன்றாம் நாள் அவள் பூஜைக்கு ஊருக்குப் போனாள். போகுமுன் சிரிஞ்சை என் கையில் கொடுத்து, எவ்வளவு ஏற்றவேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினாள். "உங்கள நம்பித்தான்க்கா விட்டுட்டுப் போறேன்."

ஆயுத பூஜையன்று எங்கள் கூடத்தில் எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, விபூதி, குங்குமம் வைத்து, பூச் சாத்துவோம். வாசலில் பூசணிக்காய் உடைத்து, கடலைப்பொரி கொடுப்போம். எந்தக் கருவியும் அன்றைக்கு வேலை செய்யக்கூடாது. அட்டெண்டர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே கடைசி மேஜைக்கு வந்தார்.

"இதுக்கு சுவிட்ச் எங்க?"

"இல்லண்ணா. அது நிக்கக்கூடாதாம்."

"எல்லாத்துக்கும் இன்னிக்கு ரஜா. இதுங்களுக்கு மட்டும் டூட்டியா? பாவம்மா" என்று சொல்லிவிட்டு, டப்பாக்களின் தலையில் ஒவ்வொரு சாமந்தியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு மனதில் தைத்துவிட்டது. இரும்புக்கெல்லாம் பொட்டும் பூவும். உயிரோடு இருப்பதற்குக் கழனித்தண்ணியா? கலசத்தில் மஞ்சள் கரைத்து, துளசியும் பச்சைக் கர்ப்பூரமும் போட்ட தீர்த்தம் இருந்தது. பூஜை முடிந்து எல்லாரும் கையில் வாங்கிக் குடித்தோம். சிரிஞ்சில் அதையே எடுத்தேன். முருகா என்று சொல்லி ஒரு டப்பாவுக்கு ஏற்றினேன். அப்புறம் இரண்டாவதற்கு, மூன்றாவதற்கு. நான்காவதற்கும் ஏற்றினேன்.

மறுநாள் காலேஜுக்கு விடுமுறை. தீனி கொடுக்கவேண்டும் என்று நான் மட்டும் போனேன். மாலையை எடுத்தேன். ஒரு சுற்று முடிந்தது. விளக்கு சிமிட்டவில்லை. நாமத்தை அவசரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நிதானமாக இன்னொரு சுற்றுத் தொடங்கினேன். அதுவும் முடிந்து, மூன்றாவது சுற்றின் பாதியில் சிமிட்டியது.

அப்போது அவள் போன் செய்தாள். "எரியுதாக்கா?"

"எரியுதும்மா" என்றேன். அப்போதுதானே எரிந்தது. அது பொய்யில்லை. ஆனாலும் எத்தனை சுற்று ஆனது என்று சொல்லாமலே போனை வைத்தேன்.

கழனித்தண்ணியை ஏற்றினேன். அது கூடுதலாகப் போனால் சரியாகுமா, கெடுக்குமா, தெரியவில்லை. கேட்க ஆளில்லை. குழந்தைக்கு ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைத்தாவது பார்க்கலாம். இதில் எங்கே கை வைப்பது? டப்பாவின் வெளிப்பக்கத்தில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. பால்குடம் எடுக்கிறேன் முருகா என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நாள் ஐந்து சுற்று ஆனது. அதற்கடுத்த நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மாலை என் விரலில் ஓடிக்கொண்டே இருந்தது. விளக்கு கண்ணைத் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தாள். நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள், துளசி, கர்ப்பூரம், எதையும் மறைக்கவில்லை.

"கிருமியக் கொல்லத்தானக்கா மஞ்ச போடுறோம்" என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அது தெரியும். பிள்ளைகளுக்கு அடிபட்டால் அதற்குத்தானே மஞ்சள் வைக்கிறேன். இந்த உயிர்களும் அந்தக் கிருமியின் ஜாதிதான் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

பிறகு ஒன்று கேட்டாள். "நாலுக்குமேவா ஊத்தினீங்க?"

"ஒண்ண மட்டும் விட மனசு வரலம்மா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றை விட்டிருந்தால் அதிலிருந்து கொஞ்சம் சேறு எடுத்து மற்றதையும் எழுப்பியிருக்கலாமாம். போன் செய்த அன்றே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எனக்காகச் சொன்னாளோ, நிஜமோ தெரியாது.

மத்தியானம் அவளுடைய சார் வந்தார். இங்கிலீஷிலேயே பேசினார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்தான் ஐயா செய்தேன் என்று கன்னடத்திலாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். அப்புறம் அவரிடம் சொன்ன இரண்டு வார்த்தை எனக்கும் புரிந்தது. மை மிஸ்டேக். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது டிசம்பர் மட்டும்தான். நாள் நீட்டித் தர முடியாது என்றாராம்.

அந்த வாரமே அதே ஏரிக்குப் போய்ப் புதுச் சேறு கொண்டுவந்தாள். அதில் உயிர் பிடிக்கவே பல வாரம் ஆகும். டிசம்பருக்குள் மூன்று மாசம் வராது. அவளுக்கும் தெரியும், எனக்கும் எண்ணத் தெரியும். ஆனாலும் சாயங்காலம் சொன்னாள்: "நாளைக்குக் கழனித்தண்ணி கொண்டாங்கக்கா."

கொண்டுபோகிறேன். பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன். அட்டெண்டர் மாட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மத்தியானம் பழைய இடத்தில் உட்கார்ந்து மாலையை எடுக்கிறேன். முதல் நாள் எடுக்கவே பயமாக இருந்தது. கும்பிட்டுத்தானே கெடுத்தேன். ஆனால் எனக்குத் தெரிந்தது வேறொன்றுமில்லை. நேற்று ஏழு சுற்று ஆகியும் விளக்கு சிமிட்டவில்லை. எட்டாவதைத் தொடங்குவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.