இரண்டாவது வண்டிக்கு இது போதும்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள். பெரியதை மாமனார் ஓட்டுவார். அதன் சாவியை என்னிடம் தரமாட்டார். சிறியது, மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக எனக்கென்று பழையதாக வாங்கியது. கணவர் துபாயில் இருப்பதால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் வேலை என்னுடையது. பெரியதற்கு ஃபுல் கவர் போட்டோம். சின்னதற்கும் அதையே போடலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.

“வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா அம்புட்டுக் காசு? தேர்ட் பார்ட்டி போதும். நாம யாரையாச்சும் இடிச்சா அவங்களுக்குக் கொடுத்துருவாங்க.”

நமக்கு அடிபட்டால்? கேட்க வாயெடுத்தேன். பெரியவரிடம் எதிர்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு அன்று மகளுக்குக் காய்ச்சல். கீரமங்கலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பினேன். வாடிவாசலில் முதலில் அவிழ்த்துவிடும் கோயில் காளை, கூட்டத்தைக் கடந்து சாலைக்கே வந்து நின்றது. அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஒதுங்கி நின்றிருந்தால் போயிருக்குமோ என்னவோ. பயத்தில் ஹாரனை அடித்தேன்.

காளை திரும்பியது. முதல் முட்டில் மகள் பக்கத்துக் கதவு உள்வாங்கியது. அடுத்த முட்டில் கண்ணாடி நொறுங்கி, சந்தனம் பூசிய கொம்பு உள்ளே வந்து அவள் காதைக் கிழித்தது. என் புடவையெல்லாம் ரத்தம். அவள் சீட் பெல்ட் கழலவில்லை.

சாலையோரம் ஆண்கள் துண்டை வீசிக் கத்தினார்கள். மாமாவும் நின்றார்.

“மாட்ட மறிங்க மாமா!”

“கோயில் மாடும்மா! ஆடாம இரு!”

காளை பின்வாங்கித் தலையைத் தாழ்த்தியது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மாட்டைத் தொடாத கைகள் என்மேல் விழுந்தன. கதவைத் திறந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கம்பால் முன் கண்ணாடியை உடைத்தான். “சாமி மாட்டையே இடிப்பியாடி?” அப்போதுதான் மாமா குறுக்கே பாய்ந்தார். “எம் மருமகடா! விடுங்கடா!” கம்படி அவர் நெற்றியில் விழுந்தது. அதையும் மறக்க முடியவில்லை. அதற்கு முன் அவர் நின்ற இடத்தையும் மறக்க முடியவில்லை.

மகள் காதில் தையல் போட்டார்கள். காளை முன்காலில் கட்டோடு கோயில் கொட்டகையில் கிடந்தது. தையல் பிரிக்க வேண்டிய நாளில் மாமா இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு ஃபோன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“மாட்டுக்கு வேணா கேட்டுப் பாக்கலாங்க. ஒங்க வண்டிக்கு ஒண்ணும் வராதுங்க.”

மாமா கட்டுப்போட்ட நெற்றியைத் தடவினார். “ஊர்ல நஷ்டஈடு கேக்குறாக. பேப்பரை எடுத்துக் குடும்மா, மாட்டுக்காச்சும் ஆகட்டும்.”

“மொதல்ல புள்ளைக்குத் தையல் பிரிச்சுட்டு வாரேன் மாமா.”

மகளைத் தூக்கிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பெரிய வண்டியின் சாவியை எடுத்தேன். எதிர்த்து ஏதாவது சொல்வார் என்று வாசலில் கொஞ்சம் நின்றேன்.

அவர் எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டார்.