தர்ஷிகாவுக்கு ஒரு ப்ரீ கே.ஜி. சீட்

லால்குடிக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் தனியார் பஸ் ஓட்டுகிற அழகிரி அண்ணன் எதற்கும் பதறமாட்டார். காவிரிப் பாலத்து நெரிசலிலும் விசிலடித்துக்கொண்டேதான் ஓட்டுவார். அன்று கே.கே. நகர் பள்ளியின் வரவேற்பறையில் அவருக்கு உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. மூன்றரை வயது மகள் தர்ஷிகாவுக்கு அங்கே மிச்சமிருந்தது ஒரே சீட். நேர்காணலில் குழந்தையும் தேற வேண்டும், பெற்றோரும் தேற வேண்டும்.

சுபலட்சுமி அண்ணிக்குப் பிடித்தது ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பள்ளி. அங்கே இரண்டு வருடத்துக்குப் பென்சிலே கிடையாது. கதை, பாட்டு, மணல், களிமண்.

"கொள்ளிடத்துல இல்லாத மணலா? அதுக்கு ஒரு ஸ்கூலா?" என்று அண்ணன் ஒதுக்கிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியதோடு படிப்பை விட்டவர் அவர். கே.கே. நகரிலோ முதல் மாதமே எழுத்து, ஒர்க்புக், பேச்செல்லாம் ஆங்கிலம்.

"நம்ம வீட்டுலயே டிகிரி முடிச்சவன் நீ ஒருத்தன்தான்டா தம்பி. கூட வா, தைரியமா இருக்கும்" என்றார். நானும் பெருமையாகச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு போனேன்.

யூடியூப் பார்த்து மகளை அவரே தயார் செய்திருந்தார். பெயர், அப்பா பெயர், பிடித்த நிறம், பிடித்த பழம். கூடவே ஒரு கண்டிப்பு: "உள்ள போனா தமிழ் பேசக்கூடாது. பேசுனா மிஸ் வெளிய அனுப்பிடுவாங்க."

பள்ளி முதல்வர் தன் அறையில் சிரித்த முகத்துடன்தான் ஆரம்பித்தார்.

"வீட்ல என்ன லாங்க்வேஜ் சார்?"

"இங்கிலீஷ்தாங்க மேடம். எந்நேரமும் இங்கிலீஷ்தான்" என்றார் அண்ணன், தமிழில்.

அண்ணி தரையைப் பார்த்தார்.

தர்ஷிகா பெயரைச் சொன்னாள், நிறத்தைச் சொன்னாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து தொங்கிய கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. கவுனை இறுக்கிப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள். ஒன்றுக்கு வருகிறது என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. அதை ஆங்கிலத்தில் கேட்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அண்ணி எழப் போனார். முதல்வர் கை காட்டினார். "விடுங்க மேம், அவளே கேக்கட்டும். அதான் எங்க மெத்தட்."

"என்னங்க..." என்றார் அண்ணி. அண்ணன் அசையவில்லை.

தர்ஷிகா தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். "மை நேம் இஸ் தர்ஷிகா. மை ஃபாதர் நேம் இஸ் அழகிரி. ஐ லைக் மேங்கோ. ஐ லைக் மேங்கோ, மேம்..." உதடு பிதுங்கியது.

"பாப்பா, ஒண்ணுக்கு வருதாடா?" அண்ணன் கத்தியே விட்டார்.

தர்ஷிகா தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் நாற்காலி நனைந்திருந்தது.

அண்ணன் அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டார். சட்டை ஈரமானது. முதல்வர் ஆயாவை அழைத்துவிட்டு, "இதெல்லாம் சகஜம் சார். சீட் தர்றோம். இன்னையிலேர்ந்து வீட்ல நிஜமாவே தமிழ் பேசாதீங்க, அது போதும்" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். தர்ஷிகா கையால் வாயை மறைத்துக்கொண்டு அவர் காதில் கேட்டாள்: "அப்பா, இப்ப பேசலாமா?"

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பேசும்மா. சத்தமாவே பேசு." முதல்வரிடம் திரும்பினார். "வேணாங்க மேடம். ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக்கூட எம்பொண்ணு என்னையப் பாத்துப் பயப்படுறா. வேற யாருக்காவது குடுங்க."

வெளியே வந்ததும் அண்ணி, "மாத்துத் துணிகூட எடுத்தாரலையே" என்றார்.

"போற வழியில வாங்கிக்கலாம். ஸ்ரீரங்கம் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்துடுவோம்."

"இத நேத்தே சொல்லியிருந்தா புள்ள அழுதிருக்குமா?"

"திட்டுறத பஸ்ஸுல ஏறித் திட்டுடி. வண்டி கெளம்புது."