வெள்ளி மையும் சோற்று டப்பாக்களும்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, லேபிள்களில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தது. துபாயின் அல் கூஸ் பகுதியில் அவர் வேலை செய்த அச்சுக்கூடம். மேசையில் லேபிள் கட்டு. ஒவ்வொன்றிலும் சுற்றிச் சுற்றி ஒரு வெள்ளிக் கோடு அச்சிட்டிருக்கும். ஒரு முனையில் அப்பா மீட்டரின் சிவப்புக் கம்பியை வைப்பார். மறுமுனையில் நான் கறுப்பை வைப்பேன். எண்ணை நான்தான் படிக்க வேண்டும். கண்ணாடி போட்டும் அவருக்குத் தெரியாது.

“தேறுமா தாயி?”

“தேறாதுப்பா.”

“அப்ப அந்தப் பக்கம் போடு.”

அந்தப் பக்கத்துக் குவியல்தான் உயரமாக இருந்தது.

அப்பா பெயர் பொன்னுச்சாமி. விருதுநகர் மாவட்டம். எனக்கு விவரம் தெரியும் முன்பே துபாய்க்கு வந்துவிட்டார். மரச்சட்டத்தில் மெல்லிய துணி கட்டி, அதன் வழியே மையைத் தள்ளி, கடைப் பலகைகளும் ஸ்டிக்கர்களும் அச்சடிப்பார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற ஆளாகத்தான் அவரை எனக்குத் தெரியும். உலோகவியல் படித்து, நானும் துபாயில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அப்பா கிடைத்தார். அம்மா இறந்துவிட்டதால் ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது.

பலகை வேலை குறைந்துபோனது. ஜெபல் அலி துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களில் ஒட்டுகிற, கருவி தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய லேபிள்களுக்கு ஓர் ஆர்டர் வந்தது. லேபிளின் ஆன்டெனா அந்த வெள்ளிக் கோடுதான். மேனேஜர் மறைக்கவில்லை. லேபிள் தேறினால் அப்பாவின் விசாவைப் புதுப்பிப்பார்கள். தேறாவிட்டால் அச்சுப் பிரிவை மூடிவிடுவார்கள். அவர் ஊருக்குப் போக வேண்டும். அறுபதைத் தாண்டியவரை வேறு யார் எடுப்பார்கள்? மறுபடி நான் இங்கே, அவர் அங்கே.

வெள்ளி உருக ஆயிரம் டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். பிளாஸ்டிக் தாள் அதைத் தாங்காது. ஆனால் இந்த மையில் இருக்கும் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். அவ்வளவு சிறிய துகளில் அணுக்களில் கணிசமான பங்கு மேற்பரப்பில் இருக்கும்; அவை எளிதில் இடம் நகரும். துகள்கள் புட்டியிலேயே ஒட்டிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய உறை உண்டு. அச்சடித்ததைக் காயவைக்கும் ஓவனில் நூற்று நாற்பது டிகிரியில் அந்த உறை கழன்று ஆவியாகும். பிறகு, துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் வெள்ளி நகர்ந்து வந்து கழுத்துப் போன்ற இணைப்பு வளரும். உருகாமலே எல்லாம் ஒரே கம்பியாகிவிடும். சூடு குறைந்தால் உறை போகாது. பார்வைக்குக் கோடு இருக்கும், மின்சாரம் ஓடாது.

தேறாத லேபிள்களின் ஓரத்தில் ஓவனில் வைத்த நேரம் எழுதியிருந்தது. அநேகமாக எல்லாம் மதியத்துக்குச் சற்று முன்.

“அந்த நேரத்துல ஓவன்ல வேற என்னப்பா வைப்பீங்க?”

அப்பா அடுத்த லேபிளை எடுத்தார். ஓவர்டைமுக்கு வந்திருந்த, அப்பாவோடு வேலை செய்யும் பாலகுரு சிரித்தார். “அண்ணாச்சி சொல்ல மாட்டாரு. எங்க சோத்து டப்பாதான். ஓவனத் தெறந்தா ரச வாசம் ஜெபல் அலி வரைக்கும் போகும்.”

அந்த வழக்கத்தை ஆரம்பித்தவரே அப்பாதான். பெயின்ட் மட்டும் காய்ந்த காலத்தில் அதனால் கெடுதல் இல்லை. இப்போது ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து குளிர்ந்த டப்பாவை வைக்க வைக்க, சூடு இறங்கிவிடுகிறது.

“இனிமே வைக்கக் கூடாதுப்பா.”

“சொல்லுறது லேசு. விடியுறதுக்கு முன்ன லேபர் கேம்ப்ல ஆக்குன சோறு. ஏசியில கெடந்து வெறச்சுப் போயிரும்.”

“வெளிய வெயில்ல வச்சிருவோம் அண்ணாச்சி. சோறு ரெண்டாந்தரம் வெந்துரும்.”

“மொதல்ல ஒம் மண்டைய வையி.” அப்பா மீட்டரை அணைத்தார். “பயலுககிட்டச் சொல்லிரு. சோறு சூடு பண்ண ஒரு கரண்டுப் பொட்டி நான் வாங்கித் தாரேன். அதுவரைக்கும் ஓவன்ல எவன் டப்பாவும் போகக் கூடாது. கலாஸ், அவ்வளவுதான்.”

அவர் சொன்னதால் கேட்டார்கள். புதன்கிழமை போன் செய்தார்.

“மத்தியான லேபிளும் தேறிருச்சு தாயி.”

“அப்ப இங்கதான் இருப்பீங்க.”

“இருக்கேன்.”

மறுநாள் காலை கேம்பிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலில் சாய்ந்தபடி இறந்துபோயிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அச்சுக்கூட வாசலில் பாலகுரு தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

உடலோடு ஊருக்குப் போனேன். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, காரியம் முடித்து, மறுபடி பூட்டிவிட்டு வந்தேன். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஆட்கள் சில நாள் விறைத்த சோற்றைச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கரண்டுப் பெட்டி வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் ஆள் இல்லை. டப்பாக்கள் ஓவனுக்குள் போயின. அடுத்த கட்டு லேபிள் திரும்பி வந்தது. பிரிவை மூடிவிட்டார்கள். பாலகுருவைப் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி வேலைக்கு அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவின் போன் என்னிடம் இருக்கிறது. நேற்று அது அடித்தது. அல் கூஸில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சாதிக் பாட்ஷா.

“என்ன பொன்னுச்சாமிண்ணே, சோத்துப் பொட்டி வேணும்னு அவசரப்படுத்துனீங்க, எடுத்து வச்சா ஆளக் காணோம். வேற ஒருத்தரு கேக்குறாரு. குடுத்துரவா?”

மகள் பேசுகிறேன் என்றேன். அவருக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன்.